எய்யாத அம்பு

கரியாஹாட் நாற்சந்தியில் கிடைக்காத பொருள் குறைவு. ராஷ்பிஹாரி அவென்யூ நடைபாதையில் தாந்த் சேலை முதல் தேங்காய்த் துருவி வரை எல்லாம் விற்பனைக்கு உண்டு. கொஞ்சம் தெற்கே நடந்தால், டாகுரியா பாலத்தை ஒட்டிய தட்சிணாபண் வளாகத்தில் மாநில அரசுகளின் கைவினைக் கடைகள். பாங்குராவின் சுடுமண் குதிரை, புருலியாவின் சௌ நடன முகமூடி என்று தெற்குக் கொல்கத்தாவின் வரவேற்பறைகளை அலங்கரிக்கும் பொருள்கள் பலவும் இந்த வட்டாரத்தில் வாங்கியவையே. முகமூடிக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் வில்லும் இரண்டு அம்புகளும் சுவரில் மாட்டியிருந்தால் வீட்டுக்காரருக்கு ரசனை உண்டு என்று அர்த்தம். இங்கே வில் ஓர் அழகுப் பொருள்.

கொல்கத்தாவுக்கு மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அயோத்தி மலையில் நிலைமை வேறு. புருலியா மாவட்டத்தின் இந்த மலைக்குப் புத்த பூர்ணிமை அன்று சந்தால் பழங்குடியினர் வில்லும் அம்புமாக வருவது தலைமுறை தலைமுறையான வழக்கம். முதல் முறை வரும் இளைஞனுக்கு அதுதான் முதல் வேட்டை. ஆனால் இந்தியச் சட்டத்தின்படி அவன் காட்டு முயல் ஒன்றைக் குறிவைத்தாலே குற்றவாளி.

பூமியின் மறுபக்கத்தில் அதே வேலையைக் காசு கொடுத்துக் கற்கிறார்கள். கரியாஹாட்டில் வளர்ந்த தமிழ்ப் பையன் ஒருவன் அமெரிக்காவில் டென்வர் நகரில் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அலுவலக நண்பர்கள் செப்டம்பரில் எல்க் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். துப்பாக்கி கிடையாது, வில் மட்டும். கூட ஒரு கைடு வருவார். கூப்பிட்டவுடன் கிளம்பிவிட முடியுமா?

முடியாது. கொலராடோ மாநிலத்தில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் வாங்க இயலாது. வில்லின் இழுவிசை 35 பவுண்டுக்குக் குறையக் கூடாது. அம்பு முனையின் அகலம் முக்கால் அங்குலத்துக்கும் சற்று மேலே, சரியாகச் சொன்னால் 7/8 அங்குலமாவது இருக்க வேண்டும். இது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம்தான். எல்க் சாதாரண மான் அல்ல. நம்மூர் கடம்பை மானைவிடப் பெரியது. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். காஷ்மீரில் இன்று சில நூறே மிஞ்சியிருக்கும் ஹங்குல் மான் இதற்கு நெருங்கிய உறவு. இத்தனை பெரிய உடம்புக்கு 50, 60 பவுண்டு வில் வேண்டும் என்பார்கள் அனுபவசாலிகள்.

இன்றைய அமெரிக்க வேட்டைக்காரர் கையில் இருப்பது காம்பவுண்ட் வில். மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1969இல் பெற்ற கண்டுபிடிப்பு இது. வில்லின் இரு முனைகளிலும் கப்பி போன்ற சக்கரங்கள் இருக்கும். நாணை இழுக்கத் தொடங்கும்போது முழு எடையும் கையில் தெரியும். முழுவதும் இழுத்த பின் பெரும்பகுதி எடையைச் சக்கரங்கள் வாங்கிக்கொள்ளும். 60 பவுண்டு வில்லைப் பிடித்து நிறுத்த 12, 15 பவுண்டு பலம் போதும். கை நடுங்காமல் குறி பார்த்துக் காத்திருக்கலாம்.

புதிதாக வாங்குபவர் சறுக்குவது இங்கேதான். தன் பலத்துக்கு மீறிய வில்லை வாங்கிவிடுவார். கடையில் பத்து முறை இழுத்துக் காட்டியவருக்கு, குளிரில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு பதினோராவது முறை இழுக்க வராது. உட்கார்ந்தபடி, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், நேராகவும் மெதுவாகவும் இழுக்க முடிந்தால்தான் அது அவருக்கு ஏற்ற வில். நாணை இழுக்கும் நீளமும் அவரவர் கை நீளத்துக்குப் பொருந்த வேண்டும். அடுத்தவர் செருப்பில் நடப்பதுபோல அடுத்தவர் வில்லில் பழக முடியாது.

அம்பு முனைக்குத் தனிக் கவனம் தேவை. துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு அப்படியில்லை, ரத்தக் குழாய்களை அறுத்துத்தான் கொல்லும். ஆகவே முனை சவரக் கத்திபோல் இருக்க வேண்டும். மழுங்கிய முனை, மானைக் கொல்லாமல் நாள் கணக்கில் வதைக்கும். பயிற்சிக்குப் பயன்படும் கூம்பு முனை பறக்கும் விதம் வேறு, அகன்ற வேட்டை முனை பறக்கும் விதம் வேறு. எந்த முனையோடு காட்டுக்குப் போகிறாரோ அதே முனையால் முன்கூட்டியே எய்து பார்க்க வேண்டும்.

பிறகு உடம்பு. கரியாஹாட் கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டர்கூட உயராத நிலம். எல்க் திரியும் கொலராடோ மலைகள் 8,000 அடி, 10,000 அடி. ஊட்டியைவிட உயரத்தில் முதுகுச் சுமையோடு ஏறி இறங்க வேண்டும். மாதக் கணக்கில் மாடிப்படி ஏறிப் பழகி, வேட்டைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே போய் மலைக் காற்றுக்கு உடம்பைப் பழக்கிக்கொள்வது நல்லது. பயிற்சியும் சமதரையில் நின்றபடி எய்வதோடு முடிவதில்லை. ஓடி வந்து மூச்சு வாங்கும்போது எய்ய வேண்டும்; மண்டியிட்டு எய்ய வேண்டும்; மேட்டிலிருந்து பள்ளத்துக்கு எய்ய வேண்டும். சரிவில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைக் கணக்கில் எடுத்தால் அம்பு மேலே போய்விடும். படுக்கை வாட்டத் தூரமே கணக்கு.

இவ்வளவும் பணத்தாலும் பயிற்சியாலும் கிடைத்துவிடும். அதற்கு மேல் ஒன்று உண்டு: எந்தத் தூரத்துக்கு மேல் எய்யக் கூடாது என்ற நிதானம். ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கும். நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 12.2 சென்டிமீட்டர். கொல்கத்தாவின் வடக்கே பராநகரில் பழகிய டோலா பானர்ஜி இந்த இலக்கை எய்து எய்துதான் 2007இல் துபாயில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தங்கம் வென்றார். எல்க் மானின் நெஞ்சறை அந்த வட்டத்தைவிடப் பல மடங்கு பெரியது. அப்படியிருந்தும் நல்ல கைடு, முதல் முறை வருபவரை 30, 35 மீட்டருக்கு மேல் எய்ய விடமாட்டார். ஏன்?

அட்டை இலக்கு நகராது, மான் நகரும். வேகமான காம்பவுண்ட் வில்லின் அம்பு வினாடிக்கு 80, 90 மீட்டர் போகும். 40 மீட்டரைக் கடக்க அதற்குக் கிட்டத்தட்ட அரை வினாடி ஆகும். நாண் சத்தமோ வினாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் அதற்கு முன்பே மானின் காதை எட்டிவிடும். அந்த அரை வினாடியில் மான் ஓரடி எடுத்து வைத்தால் போதும், நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு குடலில் பாயும். எய்தவரின் திறமையில் குறையே இல்லாமல் இது நடக்கும். எனவே அருகில் போக வேண்டும். காற்று எதிர்முகமாக வீச வேண்டும். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முகத்தை நம் பக்கம் வைத்து நிற்கும் மானை விட்டுவிட வேண்டும். எய்த பின்னும் ஓடிப்போய்த் தேடக் கூடாது. அரை மணி நேரமாவது பொறுத்து, ரத்தத் தடத்தைப் பார்த்து நடக்க வேண்டும். பல முகாம்களில் ஒரு விதி உண்டு: மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ரத்தம் சிந்தவைத்தால் வேட்டை முடிந்தது, பணம் திரும்பாது. ஆயிரக்கணக்கான டாலர் கட்டிய பலர் ஓர் அம்புகூட எய்யாமல் ஊர் திரும்புகிறார்கள்.

தமிழருக்கு இது புதிய பாடமில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில், பின்னால் கண்ணப்பரான திண்ணன் முதன்முதலில் வேட்டைக்குப் போவது விரிவாக வருகிறது. அதன் பெயர் கன்னி வேட்டை. வில் பிடிக்கும் சடங்கு, பயிற்சி, தேவராட்டியின் ஆசி, கூடவே நாணன், காடன் என்று இரண்டு துணைவர்கள். அந்தக் கூட்டம் எதை வேட்டையாடியது என்பதோடு எதை விட்டுவிட்டது என்பதையும் சேக்கிழார் சொல்கிறார். யானைக் கன்றையும் சிறு குட்டிகளையும் சினையான பெண் மானையும் அவர்கள் தொடவில்லை.

சந்தால்களிடமும் இந்த ஒழுங்கு இருந்தது. அவர்களின் வில் மூங்கில். நாணும் பெரும்பாலும் மூங்கில் பட்டையே. பறவைக்கு மொண்ணை முனை அம்பு, விலங்குக்கு இரும்பு முனை அம்பு. அம்புக்கு அவர்கள் மொழியில் 'சார்' என்று பெயர். நம் சரம் நினைவுக்கு வரும். ஏகலைவனை மதித்துக் கட்டைவிரலை நாணில் வைப்பதில்லை என்று சொல்வதும் உண்டு. சக்கரமும் கப்பியும் இல்லாத இந்த வில்லால் எய்ய, டென்வர்க்காரரைவிட இன்னும் நெருங்கிப் போயாக வேண்டும்.

கைடும் உண்டு. அவர் பெயர் திஹ்ரி. வேட்டையின் பூசாரியும் தலைவரும் அவரே. சால மரக் கிளை ஒன்று சந்தை சந்தையாகச் சுற்றி வரும். வேட்டை நாள் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அழைப்பிதழ். காட்டின் தேவதைகளுக்குப் பூசை முடித்து, எங்கே கூடுவது, எந்தப் பக்கம் போவது என்பதைத் திஹ்ரிதான் சொல்வார். வேட்டைக்குப் போனவன் திரும்புவது நிச்சயமில்லை என்பதால் மனைவியர் அந்த நாள்களில் அலங்காரத்தைத் தவிர்ப்பது வழக்கம். அடித்த விலங்கில் யாருக்கு எந்தப் பங்கு என்பதற்கும் முறை உண்டு.

இரவானால் வேட்டைக் கூட்டம் நீதிமன்றமாகும். 'லோ பீர்' என்ற இந்தக் காட்டு மன்றமே சந்தால்களின் உச்ச நீதிமன்றம். ஊர்த் தலைவரான மாஞ்ஜி மீதும், பல ஊர்களுக்குத் தலைவரான பர்கனா மீதும் சாதாரண ஆள் இங்கே புகார் சொல்லலாம். அங்கே தலைமை திஹ்ரியுடையது. கோலேயான் என்ற பெரியவர் சொல்லக் கேட்டு நார்வே நாட்டுப் பாதிரியார் ஸ்க்ரெஃப்ஸ்ருட் பதிவு செய்து, 1887இல் சந்தாலி மொழியில் வெளிவந்த முன்னோர் மரபு நூல் இந்தச் சமூகத்தின் வழக்கங்களைச் சொல்கிறது. முதல் வேட்டைக்கு வரும் பையன் அம்பு எய்வதைவிட அதிகமாகக் கற்றது இந்த இரவுகளில்தான். பாட்டும் கதையும் ஊர் நியாயமும் அவன் காதில் விழுந்தன. அவனுக்கு அது பள்ளிக்கூடம்.

சட்டத்தின் கண்ணுக்கு இந்தப் பள்ளிக்கூடம் தெரிவதில்லை. வில் மட்டும் தெரிகிறது. அதற்குக் காரணமும் உண்டு. ஒரு காலத்தில் பணம் கட்டி, கைடு வைத்து வேட்டையாட வெளிநாட்டவர் இந்தியாவுக்குத்தான் வந்தார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற வில் வேட்டைக்காரர் ஃப்ரெட் பேர் 1963இல் இங்கே வந்து வில்லால் புலியை வீழ்த்தினார். புலிகள் அருகிப் போக, 1970இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் மிச்சமிருந்த கதவுகளையும் ஏறக்குறைய அடைத்தது. விலங்கைத் துரத்துவதும், பொறி வைப்பதும், அதற்கு முயல்வதும்கூடச் சட்டப்படி வேட்டைதான். பழங்குடியினரில் நிக்கோபார் தீவுகளின் மக்களுக்கு மட்டுமே அந்தச் சட்டம் வேட்டை உரிமையை விட்டுவைத்தது. சிறு வன விளைபொருள்களுக்கு உரிமை தந்த 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் வேட்டையை வெளிப்படையாக விலக்கிவிட்டது.

சட்டம் ஒருபுறம் இருக்க, திருவிழா பெருத்தது. ஜங்கிள் மஹால் எனப்படும் மேற்கு மாவட்டங்களில் கோடைக்காலத்தில் நாளுக்கொரு காடு என்று வேட்டை நடக்கிறது. ரயிலிலும் வண்டியிலும் வெளியூர்க் கூட்டம் வந்து இறங்குகிறது. எந்தத் திஹ்ரிக்கும் கட்டுப்படாத கூட்டத்தில், எதை விடுவது என்று சொல்ல ஆளில்லை. முயல், காட்டுப்பன்றி, உடும்பு, காட்டுப்பூனை எல்லாம் ஒரே கணக்கு. 2018 தொடக்கத்தில் லால்கர் காட்டில் வைத்திருந்த கேமராவில் ஒரு புலி பதிவானது. எங்கிருந்தோ நடந்து வந்த ஆண் புலி. அதைப் பிடித்துப் பாதுகாப்பான இடத்தில் விட வனத்துறை ஆறு வாரம் அலைந்தது. ஏப்ரல் 13 அன்று, வேட்டைத் திருவிழாக் காலத்தில், ஈட்டிக் காயங்களோடு அது செத்துக் கிடந்தது.

கொல்கத்தாவின் ஹீல் என்ற தன்னார்வ அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. வேட்டைத் திருவிழாவின் பெயரில் வனவிலங்குகள் கொல்லப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2019 ஏப்ரலில் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. மாவட்டம்தோறும் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்க 2023இல் மீண்டும் உத்தரவு. இப்போது திருவிழா நாள்களில் காட்டுப் பாதைகளில் போலீசும் வனத்துறையும் நிற்கின்றன. கிராமத் தலைவர்களை முன்கூட்டியே சந்தித்துப் பேசுகிறார்கள்.

சந்தால்களின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். காடு குறைந்தது வில்லால் மட்டும் அல்ல. அயோத்தி மலையிலேயே 900 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் இருக்கிறது; அதன் நீர்த்தேக்கங்கள் காட்டில் கட்டப்பட்டவை. அதே மலையில் 1,000 மெகாவாட்டில் திட்டமிடப்பட்ட தூர்கா மின் திட்டத்தை எதிர்த்து உள்ளூர் மக்களே உயர் நீதிமன்றப் படி ஏறினார்கள். முயல் அடித்தவன் மேல் வழக்கு, மலையை வெட்டியவனுக்கு அனுமதியா என்று அவர்கள் கேட்டால் நகரவாசியிடம் சுலபமான பதில் இல்லை. கரியாஹாட்டின் குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் மின்சாரம் எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே.

கேள்வி நியாயமானது. ஆனாலும் உடும்புக்கு அது உதவாது. மிஞ்சியிருக்கும் விலங்குகள் ஒரு பருவத்தின் ஆயிரக்கணக்கான வில்களைத் தாங்கும் எண்ணிக்கையில் இல்லை. கொலராடோவில் எத்தனை மான் இருக்கிறது என்று கணக்கிட்ட பிறகே எத்தனை உரிமம் என்று தீர்மானிக்கிறார்கள். இங்கே அப்படிப்பட்ட கணக்குக்கு இடமே இல்லை. ஆகவே அயோத்தி மலையின் வேட்டைக்காரன் காப்பாற்ற வேண்டிய தூரம் முப்பது மீட்டர் அல்ல. அவன் அம்பை எய்யாமலே இருக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் என்ன மிஞ்சும்? யோசித்தால், பெரும்பகுதி மிஞ்சும். சால மரக் கிளை சுற்றி வரலாம். திஹ்ரி பூசை செய்யலாம். லோ பீர் கூடலாம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. தடுக்கப்பட்டது கொலை ஒன்றுதான். இதை அதிகாரிகள் காக்கிச் சட்டையோடு வந்து சொல்வதைவிடத் திஹ்ரி சொன்னால் கூட்டம் கேட்கும். வெளியூர்க் கூட்டத்தை விலக்கி, வேட்டையின் தலைமையை மறுபடி திஹ்ரியிடம் ஒப்படைக்க அரசு உதவினால், காவல் பாதி குறையும்.

வில்லுக்கும் வேறு வேலை இருக்கிறது. மூங்கில் வில்லோடு வளர்ந்த ராஜஸ்தான் பழங்குடி இளைஞர் லிம்பா ராம் ஒலிம்பிக் வரை போனது நாடறிந்த கதை. ஜாம்ஷெட்பூரில் 1996இல் டாட்டா நிறுவனம் வில்வித்தைப் பயிற்சியகம் தொடங்கியது. வேட்டைத் திருவிழா நடக்கும் காடுகளுக்கு நடுவே, ஜார்கிராமில், மேற்கு வங்க அரசும் ஒரு பயிற்சியகம் நடத்துகிறது. போட்டிக்கான ஒரு நல்ல வில்லின் விலை லட்சங்களில் போகும். மலைக் கிராமத்துப் பையனால் வாங்க முடியாது. வேட்டையைத் தடுக்கச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கை அந்த வில்லுக்குச் செலவிட்டால், புத்த பூர்ணிமைக்கு அயோத்தி மலை ஏறும் இளைஞனிடம் "எய்யாதே" என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எங்கே எய்யலாம் என்றும் காட்ட முடியும்.